நாய்க்கு வராத வருத்தம் எனக்கு ஏன்?

கேள்வி: எனக்கு 46 வயது, ஒட்டுசுட்டானில் வயல் செய்கிறேன். போன மாதம் நடுச்சாமத்தில் வலது கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து, சாரம் பட்டாலே உயிர் போகிற மாதிரி இருந்தது. இரத்தத்தில் யூரிக் அமிலம் 8.4. பாமசியில் டைக்ளோஃபெனாக் வலிக்குளிசை வாங்கிப் போட்டேன், குறைந்தது. இப்போது திரும்ப வந்துவிட்டது. நான் தின்னும் மீனைத்தான் என் நாயும் தின்கிறது. அதற்கும் வளவுக்கு வரும் குரங்குக்கும் இல்லாத வருத்தம் எனக்கு மட்டும் ஏன்?

பதில்: நீங்கள் சொல்வது யூரிக் அமிலத்தால் வரும் கவுட் (gout) என்ற மூட்டு வருத்தம் போலிருக்கிறது. உங்கள் நாயின் ஈரலில் யூரிகேஸ் என்றொரு நொதியம் இருக்கிறது. மீன், இறைச்சியில் உள்ள பியூரின் உடைந்தால் யூரிக் அமிலம் வரும். நம் சொந்த உயிரணுக்கள் அழியும்போதும் வரும். பெரும்பாலான பாலூட்டிகளில் இந்த நொதியம் அதை இலகுவாகக் கரையும் வேறொரு பொருளாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும். வளவுக் குரங்குக்கும் அது ஓரளவு வேலை செய்கிறது. நமக்கும் சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன் போன்ற வாலில்லாக் குரங்குகளுக்கும் இல்லை. மரபணு இருக்கிறது, பழுதாகிக் கிடக்கிறது. சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பழுது அது.

அப்படியென்றால் சிம்பன்சிக்கும் பெருவிரல் வீங்கவேண்டுமே? அதன் இரத்தத்தில் யூரிக் அமிலம் பொதுவாக நம்மைவிடக் குறைவு. பழமும் இலையும்தான் அதன் பெரும்பங்குச் சாப்பாடு, பியர் குடிப்பதில்லை. இதற்காக அவை நோயில்லாத பிறவிகள் என்று நினைக்கவேண்டாம். மிருகக்காட்சிசாலைகளில் பல கொரில்லாக்களும் சிம்பன்சிகளும் இதயநோயால்தான் சாகின்றன. நம்மைப்போலக் குழாய் அடைபட்டு அல்ல, பெரும்பாலும் இதயத்தசை நாராகி.

ஒரு டெசிலீற்றர் (100 மில்லிலீற்றர்) இரத்தத்தில் யூரிக் அமிலம் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் ஊசி ஊசியாகப் படிகமாகத் தொடங்கும். பெருவிரல் உடம்பில் குளிர்ந்த இடம் என்பதால் அங்கே முதலில் படிகிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை விரல் அல்ல, சிறுநீரகம். யூரிக் அமிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அதன் வழியாகத்தான் வெளியேறவேண்டும். நீங்களோ வெயிலில் வியர்த்து வேலை செய்கிறீர்கள். வவுனியாவிலும் உலர்வலயத்தின் வேறு இடங்களிலும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் இருப்பது தெரியும்தானே? இந்த நிலையில், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டைக்ளோஃபெனாக்கை மிட்டாய் மாதிரி வாங்கிப் போடாதீர்கள். கிளினிக்குக்குப் போய் கிரியாற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறதென்று காட்டும் இரத்தப் பரிசோதனை), சிறுநீர், பிறசர் மூன்றையும் பாருங்கள். பிறசருக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் குளிசை எடுப்பவரானால் டொக்டரிடம் சொல்லுங்கள், அது யூரிக் அமிலத்தை ஏற்றும்.

அடிக்கடி வந்தால் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினோல் குளிசை தேவைப்படலாம். சிறிய அளவில் தொடங்கி, யூரிக் அமிலம் 6-க்குக் கீழே வரும்வரை கூட்டுவார்கள். தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். (பன்றியின் மரபணுவையும் பபூன் குரங்கின் மரபணுவையும் சேர்த்து, இழந்த யூரிகேஸையே ஊசியாகச் செய்திருக்கிறார்கள். கடும் நோயாளிகளுக்கானது அது, உங்களுக்குத் தேவையில்லை.)

சாப்பாட்டில் ஈரல், மாட்டிறைச்சி, நெத்தலி, சூடை, சோடா குறையுங்கள். பருப்பை விலக்கவேண்டாம். சாராயத்தைவிடப் பியர் மோசம், கள்ளும் விதிவிலக்கல்ல. தண்ணீர் நிறையக் குடியுங்கள், சிறுநீரகத்தில் கோளாறு இல்லையென்று டொக்டர் சொன்னபின்.

வீக்கத்தோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அது மூட்டுக்குள் கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.