மோகா பாட் (கீழே தண்ணீர், நடுவே வடிகட்டியில் தூள், மேலே காபி சேரும் அடுப்புப் பாத்திரம்) வைத்து எஸ்பிரெசோ மாதிரி திடமான காபி போட முடியுமா? எனக்கு ஏன் எப்போதும் கசந்துவிடுகிறது?

எஸ்பிரெசோ மாதிரி என்றால் தாராளமாக முடியும். அசல் எஸ்பிரெசோ வராது. எஸ்பிரெசோ மெஷின் சுமார் 9 பார் (அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் தண்ணீரைத் தூளுக்குள் செலுத்துகிறது. மோகா பாத்திரத்தில் கிடைப்பது 1 முதல் 2 பார்தான். அதனால் மேலே அந்தப் பொன்னிற நுரை நிற்காது. ஆனால் 1933-ல் இத்தாலியில் அல்ஃபோன்சோ பியாலெத்தி இதைக் கொண்டுவந்ததே வீட்டு அடுப்பில் திடமான காபி கிடைக்கத்தான். அந்த வேலையை இன்றும் அருமையாகச் செய்கிறது.

கசப்புக்கு வருவோம். தூளை மாற்றும் முன் அடுப்பைக் கவனியுங்கள். கீழ்ப் பாத்திரத்தில் அடைபட்ட காற்றும் நீராவியும் விரிந்து, தண்ணீரைத் தூள் வழியாக மேலே தள்ளுகின்றன. தண்ணீர் தீரும் நேரத்தில் கொதிக்கும் நீராவியே தூளுக்குள் புகுந்து கசப்பை உரித்தெடுக்கும். 'களக் களக்' என்று சத்தம் வருகிறதே, அப்போதுதான். அதற்குள் இறக்கிவிட வேண்டும்.

நான் கீழே வெந்நீர் ஊற்றித்தான் தொடங்குவேன். பாத்திரம் சூடேறும் வரை தூள் வீணாக வேகாமல் இருக்கும். தண்ணீர் வால்வுக்குக் கீழே நிற்கட்டும். அது பாதுகாப்புக்காக உள்ளது, மூழ்கக் கூடாது. தூள் ரவையைவிடச் சற்று நைசாக இருந்தால் போதும். வடிகட்டியை நிரப்பி விரலால் சமன் செய்யுங்கள், அழுத்தவே அழுத்தாதீர்கள். துணியால் பிடித்துக்கொண்டு இறுக்கமாகத் திருகுங்கள், கீழ்ப்பாகம் சுடும்.

தீயைச் சிறிதாக வையுங்கள், மூடியைத் திறந்தே விடுங்கள். முதலில் கருஞ்சிவப்பாக, தேன் போல மெதுவாக வழியும். நிறம் வெளுத்து மஞ்சளாகத் தொடங்கியதும் இறக்கி, அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் அப்படியே நின்றுவிடும். மேல் பாத்திரத்தில் வந்ததை ஒரு கலக்கு கலக்கி ஊற்றுங்கள். முதலில் வந்தது திடமாகவும் கடைசியில் வந்தது நீர்த்தும் இருக்கும்.

வாங்கும்போது அளவைப் பாருங்கள். '3 கப்' என்பது சின்னஞ்சிறு எஸ்பிரெசோ கப் கணக்கு, ஒருவருக்குப் பால் சேர்த்துக் குடிக்கச் சரியாக இருக்கும். பெரிய பாத்திரத்தில் பாதித் தூள் போட்டால் சுவை கெடும், குடிக்கும் அளவுக்கேற்றதை வாங்குவதே நல்லது. அலுமினியப் பாட் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. அதற்கு எவர்சில்வர் வகையில், இண்டக்‌ஷனுக்கு ஏற்றது என்று போட்டிருப்பதை வாங்குங்கள். திருகும் இடத்தில் ஆவி கசிந்தால் ரப்பர் வளையத்தை மாற்றுங்கள், அது தனியாகக் கிடைக்கும்.