கேளுங்கள், சொல்கிறோம்: கொழுப்பு எப்போது எரியும்?

கேள்வி: மாலையில் மெரினாவில் அரை மணி நேரம் நடக்கிறேன். முதல் 20 நிமிடம் மாவுச்சத்துதான் எரியும், கொழுப்பு அப்புறம்தான் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: இல்லை, அம்மா. முதல் அடியிலிருந்தே இரண்டும் எரிகின்றன; விகிதம்தான் மாறும். பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில் கொழுப்பின் பங்கு அதிகம். மூச்சு வாங்க ஓடினால் தசை, மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் சர்க்கரையான குளுக்கோஸை நாடும். குளுக்கோஸை ஆக்சிஜன் போதாதபோதும் ஓரளவு உடைக்க முடியும். கொழுப்பிலிருந்து பிரியும் கொழுப்பு அமிலமோ, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், இரண்டிரண்டு கார்பனாக வெட்டுப்பட்டு, ஆக்சிஜன் இருந்தால்தான் எரியும். மெதுவான வேலைதான், ஆனால் கையிருப்பு பெரியது. கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தில் 4. மாவுச்சத்து கிளைகோஜன் என்ற சேமிப்பு வடிவில் சேர்வதோ கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம்.

கிளம்பும் முன் சர்க்கரை போட்ட காபி குடித்தால் இன்சுலின் உயர்ந்து, சேமித்த கொழுப்பு வெளிவருவது சிறிது நேரம் குறையும். அதைவிட முக்கியம், நாள் முழுவதற்குமான கணக்கு. நடை முடிந்து கடற்கரையில் இரண்டு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டால், செலவழித்த கலோரி பெரும்பாலும் திரும்பிவிடும்.

நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்கள் மட்டும் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம்.