ஜீவனாம்சம் வரவில்லை என்பதற்காகக் குழந்தையைக் காட்ட மறுக்கலாமா?

கேள்வி: மாமியாரின் கொடுமையாலும் கணவரின் அலட்சியத்தாலும் இரண்டு ஆண்டுகளாக ஏழு வயது மகளுடன் பெற்றோர் வீட்டில் இருக்கிறேன். என் நகைகள் இன்னும் அவர்களிடமே இருக்கின்றன. மகளைத் தன்னிடம் ஒப்படைக்கக் கோரிக் கணவர் குடும்பநல நீதிமன்றத்தில் மனு செய்திருக்கிறார். முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள குழந்தைகள் மையத்தில் அவர் மகளைப் பார்க்கலாம் என்று இடைக்கால உத்தரவு உள்ளது. எனக்கு உத்தரவான மாதம் 12,000 ரூபாயை அவர் எட்டு மாதமாகத் தரவில்லை. மகளும் அப்பாவிடம் போக மாட்டேன் என்று அழுகிறாள். ஒருமுறை அவர் மீது மது வாடை வீசியது. அதனால் கடந்த மூன்று முறை அழைத்துச் செல்லவில்லை. பணம் தரும் வரை இப்படியே நிறுத்தி வைக்கலாமா? பெங்களூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாமா? – வாசகி, கோவை

பதில்: நிறுத்தி வைக்கக் கூடாது. பெங்களூருக்கும் இப்போது போகக் கூடாது.

மாமியார் பேசிய பேச்சும், நகைகளும், கணவர் உங்களை நடத்திய விதமும் உங்களுக்கு எவ்வளவு வலி தந்தன என்பது கடிதத்தில் தெரிகிறது. ஆனால் குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்ற வழக்கில் அவற்றுக்கு இடமில்லை. நகைகளுக்குத் தனி வழி உண்டு. இந்த வழக்கில் உங்களைப் பாதிக்கக்கூடிய விஷயம் ஒன்றே: நடைமுறையில் உள்ள ஒரு நீதிமன்ற உத்தரவை நீங்கள் மூன்று முறை மீறியிருக்கிறீர்கள்.

ஜீவனாம்சமும் சந்திப்பு உரிமையும் ஒன்றுக்கொன்று ஈடு அல்ல. ஜீவனாம்சம் உங்களுக்கும் குழந்தைக்கும் உரியது. தந்தையைப் பார்ப்பது குழந்தைக்கு உரியது. உத்தரவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவின்படியோ, அதன் இடத்தில் இப்போதுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவின்படியோ பெறப்பட்டதாக எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால், ஒவ்வொரு மாதத் தொகையையும் அது பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் வசூல் மனுப் போட்டுக் கேட்க வேண்டும். எட்டு மாதங்கள் போய்விட்டன. இன்னும் நான்கு மாதங்கள் கழிந்தால் முதல் மாதத் தொகைக்கு வாரண்ட் கேட்கும் வழி அடைபட்டுவிடும். இந்த வாரமே மனுப் போடுங்கள். பணம் கட்டாமல் இழுத்தடித்தால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை என்ற அச்சமே பலரைக் கட்ட வைக்கிறது. தவிரவும், பெற்ற மகளின் செலவுக்குப் பணம் தராதவர் மகளை என்னிடம் கொடுங்கள் என்று கேட்பது அவர் மனுவின் பெரிய பலவீனம். உங்கள் கையில் இருந்த மிக வலுவான ஆவணமான அந்தப் பாக்கிக் கணக்கை மூன்று சனிக்கிழமைகளால் நீங்களே மழுங்கடித்துவிட்டீர்கள்.

தாயிடமிருந்து குழந்தையைப் பிரிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் என்னிடம் வரும் பெண்களில் பலர் இந்தத் தவறைச் செய்கிறார்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. உங்கள் மகள் அந்த வயதைக் கடந்துவிட்டாள். இனி அவளுடைய நலன் ஒன்றே அளவுகோல். தந்தையின் உறவை அறுக்காமல் அவளை வளர்ப்பவர் யார் என்பதும் அந்த நலனின் ஒரு பகுதியாகவே பார்க்கப்படுகிறது.

அடுத்து, ‘குழந்தையே வர மறுக்கிறாள்’ என்ற பதில். இதை நம்பி நீதிமன்றத்துக்குப் போனவர்களின் கதி எனக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் என் கட்சிக்காரர் ஒருவர் இதே காரணத்தைச் சொன்னார். நீதிபதி எட்டு வயதுச் சிறுவனைத் தன் அறைக்கு அழைத்து, அப்பாவை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டார். ‘அவர் எங்களுக்கு ஜீவனாம்சம் தருவதில்லை’ என்றான் சிறுவன். அந்தச் சொல் அவன் வாயில் எப்படி வந்தது என்பதை நீதிபதிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கோடை விடுமுறையில் பாதியைத் தந்தையுடன் கழிக்க உத்தரவாயிற்று. அதன் பிறகு வழக்கு முழுவதும் என் கட்சிக்காரர் பதில் சொல்லும் இடத்திலேயே நின்றார். விவேக் சிங் எதிர் ரோமானி சிங் வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றமும் இதையே பார்த்தது. தந்தையிடமே வளர்ந்த சிறுமி தாயிடம் போக விரும்பாதது ஒருவர் பிடியில் மட்டுமே இருந்ததன் விளைவாகவும் இருக்கலாம் என்று கருதி, அவளைத் தாயிடம் ஒப்படைக்கச் சொன்னது. அங்கே தந்தை நின்ற இடத்தில் இங்கே நீங்கள் நிற்கிறீர்கள். உங்கள் மகள் உண்மையாகவே அழுகிறாள் என்று நான் நம்புகிறேன். ஆனால் இரண்டு ஆண்டுகளாக வீட்டுப் பெரியவர்கள் பேசுவதையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதும் உண்மை.

மது வாடை மட்டும் கவனிக்கத் தக்கது. அன்றே மையப் பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுத்திருந்தால் அது ஆவணமாகியிருக்கும். மீண்டும் நடந்தால் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு, நிபந்தனைகளைக் கடுமையாக்கக் கோரி இடைக்கால மனுப் போடுங்கள். உத்தரவை மாற்றும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. சென்னையிலிருந்து சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973-இலேயே, குழந்தைப் பொறுப்பு உத்தரவுகள் அன்றைய சூழலுக்கு ஏற்ற தற்காலிக உத்தரவுகளே என்று கூறிவிட்டது. அது உங்களுக்கு எதிராகவும் திரும்பும் என்பதால்தான் பெங்களூர் வேண்டாம் என்கிறேன். வழக்கு நடக்கும்போது அனுமதி பெறாமல் ஊர் மாறினால் வழக்கு உங்களோடு வந்துவிடாது. நீங்கள் குழந்தையை மறைத்தீர்கள் என்ற வாதம்தான் வரும்.

அடுத்த சனிக்கிழமை அழைத்துச் செல்லுங்கள். தவறிய மூன்று நாட்களுக்கு ஈடாக வேறு நாட்கள் தரத் தயார் என்று உங்கள் வழக்கறிஞர் மூலம் ஒரு மெமோ தாக்கல் செய்யுங்கள்; கணவர் நீதிமன்ற அவமதிப்பு மனுப் போடும் முன் இது பதிவேட்டில் இருக்க வேண்டும். பிறகு சமரச மையத்துக்கு அனுப்பும்படி நீங்களே கேளுங்கள். பாக்கியைத் தவணைகளில் கட்டுவது, பள்ளிக் கட்டணத்தை அவரே நேரடியாகச் செலுத்துவது, வாரம் இருமுறை வீடியோ அழைப்பு, விடுமுறையில் சில நாட்கள் பகலில் மட்டும் அவரோடு இருப்பது என்று பேசி எழுதி, அதை நீதிமன்ற உத்தரவாக்கிக்கொள்ளுங்கள். மகள் இன்று உங்களிடம் இருக்கிறாள். இந்த நிலையில் பேசினால் நீங்கள் வைக்கும் நிபந்தனைகளுக்கு மதிப்பு இருக்கும். அவமதிப்பு மனு வந்த பிறகு பேச உட்கார்ந்தால் அந்த மதிப்பு இருக்காது.