வாரணவாசியில் இருந்த கடல்

கடிதம்:

அன்புள்ள ஐயா,

அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளை அரியலூர் பக்கம் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனோம். பையனுக்கு ஒன்பது வயது, டைனோசர் பைத்தியம். பெண்ணுக்கு ஆறு. உள்ளே போனதும் ஒவ்வொரு பெயராக வாசித்துக் காட்டினேன். இருபது நிமிடத்தில் எல்லாம் பார்த்தாகிவிட்டது. "எல்லாம் கல்லுதானேம்மா, பெரிய எலும்புக்கூடு எங்க?" என்று பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பேசாமல் நேராக கங்கைகொண்ட சோழபுரம் போயிருக்கலாம் என்றார் என் கணவர். எனக்கு மனசு சங்கடமாகிவிட்டது. இப்படிச் சின்ன இடங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதில் பயன் உண்டா? எப்படித்தான் காட்டுவது?

திரும்பும் வழியெல்லாம் சின்னவள், "அந்தக் கடல் எங்கம்மா போச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கூட்டிப் போனது நல்ல காரியம். பெயர்களை வரிசையாக வாசித்ததுதான் பிள்ளைகளைக் களைப்பாக்கியிருக்கும். நானும் அதைச் செய்திருக்கிறேன். அக்கா மகனை முதல்முறை கூட்டிப் போனபோது, ஒன்று விடாமல் விளக்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். மூன்றாவது கண்ணாடிப் பெட்டியிலேயே அவன் வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அடுத்த முறை போனபோது, "உனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றைக் காட்டு" என்றேன். சுருண்ட கல் ஒன்றைக் காட்டினான். அம்மோனைட். கையில் நோட்டும் பென்சிலும் கொடுத்து, அதை மட்டும் வரையச் சொன்னேன். முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தோம். கைப்பேசியில் படம் எடுத்திருந்தால் ஒரு நொடியில் நகர்ந்திருப்பான். வரைகிறபோது அந்தச் சுருளில் எத்தனை சுற்று, கோடுகள் எங்கே வளைகின்றன என்றெல்லாம் கண் தானாகத் தேடுகிறது. சின்ன அருங்காட்சியகத்தில் இதற்கு இடமிருக்கிறது. பெரிய இடத்தில் அடுத்த கூடம், அதற்கடுத்த கூடம் என்று கால் ஓடிக்கொண்டே இருக்கும்.

அம்மோனைட் பார்க்க நத்தை மாதிரி இருந்தாலும் நத்தை இல்லை. கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவு. நத்தையின் ஓட்டுக்குள் அறைகள் கிடையாது. அம்மோனைட்டின் ஓடு முழுக்க அறைகள். உயிர் இருந்தது கடைசி அறையில் மட்டும். உடம்பு வளர வளர முன்பக்கம் ஓட்டை நீட்டிக்கொண்டு, பின்பக்கம் ஒரு சுவர் எழுப்பிப் பழைய இடத்தை அடைத்துவிடும். அடைத்த அறைகளில் காற்று இருப்பதால் கடலில் மிதக்க முடிந்தது. இதைச் சொன்னதும் அவன் கேட்டான்: "அப்போ அது குட்டியா இருந்தப்ப இருந்த ரூம் நடுவுல இருக்குமா?" ஆமாம், நடுவில்தான் இருக்கும். அது பிறந்தபோது இருந்த அறையிலிருந்து கடைசியாக இருந்த அறை வரைக்கும் அந்த ஒரே கல்லில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலோ பெரியவர்கள் வீட்டிலோ பூஜையறையில் சாளக்கிராமம் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கல்லுக்குள் சக்கரம்போலத் தெரிவது அம்மோனைட்தான். அப்புறம் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டு வாங்குங்கள். லவ் பேர்ட்ஸ் கூண்டில் கொத்துவதற்குத் தொங்கவிட்டிருப்பார்களே, அதே வெள்ளைப் பொருள். பெயர்தான் நுரை, உண்மையில் கணவாயின் உள்ஓடு. உடைத்து ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தால் மெல்லிய அடுக்கடுக்கான அறைகள் தெரியும். கணவாய் மிதப்பதற்கும் அந்த அறைகள்தான் உதவுகின்றன. எனக்கு இது தெரிந்த நாளில் அந்தக் கடைப்பக்கமே புதிதாகத் தெரிந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அழிந்துபோன ஓர் உயிரின் உறவு இருபது ரூபாய்ச் சாமானாகப் பொட்டலத்தில் கிடைக்கிறது!

சரி, பையனின் எலும்புக்கூடு. அவன் ஏமாந்தது நியாயம்தான், ஆனால் அதற்குப் பதில் இருக்கிறது. அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டங்களில் பல ஊர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலுக்கு அடியில் கிடந்தவை. டைனோசர்கள் தரையில் வாழ்ந்தவை. அதனால்தான் அங்கே எலும்புக்கூட்டுக்குப் பதிலாகச் சிப்பியும் அம்மோனைட்டும் குவிந்து கிடக்கின்றன. ஆனால் அந்தக் காலத்தின் கடைசியில் கடல் விலகி, ஆறுகள் ஓடும் தரையாக மாறிய இடம் ஒன்று உண்டு. அரியலூர் மாவட்டத்தின் கல்லமேடு. அங்கேதான் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் பெரும் எலும்புகளைப் பார்த்தார்கள். 1980களில் அதற்குப் புருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். வடமொழியில் பிருஹத் காயம் என்றால் பெரிய உடல். முழங்காலுக்குக் கீழே இருக்கும் ஒரே எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர். பையனைத் தரையில் படுக்க வைத்து அளந்து காட்டுங்கள், அப்பாவையும் படுக்கச் சொல்லுங்கள். இரண்டு பேரில் யாரையும்விட அந்த ஓர் எலும்பு நீளம்.

அந்த எலும்புகள் இன்று இல்லை. நொறுங்கும் தன்மை கொண்டவை, காப்பாற்ற முடியாமல் சிதைந்து போயின. படங்களும் வரைபடங்களும்தான் மிச்சம். அது எலும்பே அல்ல, கல்லான மரம் என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். மீந்த படங்களை வைத்து இப்போது மறுபடி ஆராய்கிறார்கள். இதை நான் எப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கும். உலகிலேயே மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம், நம் ஊர் மண்ணில் கிடந்தது, கைவிட்டுப் போயிற்று. உங்கள் பையன் இதைத் தெரிந்துகொள்ளட்டும். ஒன்பது வயதுக்கு இந்தக் கதை தாங்கும்.

இன்னொன்றும் சொல்லுங்கள். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் பெரிய பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் பரவியது. புவியியலாளர்கள் போய்ப் பார்த்து, முட்டை இல்லை, அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கடல் படிவு என்றார்கள். அடுத்த முறை வாரணவாசி போகும்போது, "முட்டையா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடித்திருப்பார்கள்?" என்று அவனிடமே கேட்டுப் பாருங்கள்.

போகிற வழியையும் விட்டுவிடாதீர்கள். திருமானூர் தாண்டினால் சிமெண்ட் லாரிகள் வரிசையாக வரும். அரியலூரைச் சுற்றி இத்தனை சிமெண்ட் ஆலைகள் இருப்பதற்குக் காரணம் சுண்ணாம்புக்கல், அந்தக் கல்லில் பெரும்பங்கு பழைய சிப்பிகள். கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் கிரிபியா என்ற சிப்பி அடையடையாகக் கிடக்கிறது. லாரியைக் காட்டி, "இதில் கடல் போகுது பார்" என்று சொல்லலாம். ஆனால் சுரங்கப் பள்ளங்களுக்குள் பிள்ளைகளை இறக்க வேண்டாம், ஆபத்து. வழியில் கிடக்கும் படிவங்களைப் பையில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பது தெரியாமல் போனால் அந்தக் கல் பாதி ஊமையாகிவிடும். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரத்துக்கு ஒரு நாள் போங்கள். 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் படுத்திருக்கும் மரம், பக்கத்தில் நடந்து போய்ப் பார்க்கலாம்.

கடைசியாகச் சின்னவளின் கேள்வி. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். இருபது நிமிடம்தான் இருந்தீர்கள் என்கிறீர்கள். அந்த இருபது நிமிடத்தில் ஓர் ஆறு வயதுப் பிள்ளை, அங்கே கடல் இருந்தது என்று நம்பிவிட்டாள். கல்லைப் பார்த்துக் கடலைத் தேடியிருக்கிறாள். அவளிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஒரு காலத்தில் நம் நாடு அண்டார்டிகாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரிந்து வந்தபோது இடையில் தண்ணீர் புகுந்தது, அரியலூர் வரைக்கும் வந்தது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. பிறகு ஆறுகள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட, தரை கிழக்கே வளர்ந்தது, கடல் தள்ளிப் போயிற்று.

வேளாங்கண்ணிக்கோ நாகப்பட்டினத்துக்கோ போகும்போது கரையில் நிறுத்திக் காட்டுங்கள். அவள் கேட்ட கடல் அங்கே இருக்கிறது.

அன்புடன்.