காதல் நகைச்சுவைப் படங்கள் சமூகம் மாறுவதைக் காட்டுகின்றனவா?

கல்லூரி ஒப்படைப்புக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆண்டு வரிசையில் படங்களை அடுக்கினாலே மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், காதலுக்குக் குறுக்கே எது நிற்கிறது, கதை அதை எப்படி அகற்றுகிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து மனிதர்கள் எதை விட்டுக்கொடுத்தார்கள், எதை விட மனமில்லாமல் இருந்தார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

'மிஸ்ஸியம்மா' 1955 பொங்கலுக்கு வந்தது. கணவன் மனைவியாக உள்ள பட்டதாரிகளுக்குத்தான் ஆசிரியர் வேலை என்று விளம்பரம். வேலையில்லாத ஜெமினி கணேசனும் கடன் தொல்லையில் இருக்கும் சாவித்திரியும் தம்பதி என்று பொய் சொல்லிச் சேருகிறார்கள். அவர் இந்து, அவள் கிறிஸ்தவப் பெண் மேரி. 'வாராயோ வெண்ணிலாவே' பாட்டில் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் நிலாவிடம் புகார் சொல்லும் அழகு இன்றைக்கும் எனக்கு அலுக்கவில்லை. சிறப்புத் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிதான். அவரவர் மதத்தில் இருந்தபடியே மணந்துகொள்ளலாம் என்று சட்டம் சொல்லிவிட்டது. படத்துக்கு அந்தத் துணிவு வரவில்லை. மேரியின் காலில் ஒரு மச்சத்தைக் காட்டி, வேலை கொடுத்த ஜமீன்தாரின் காணாமற்போன மகள் மகாலட்சுமிதான் இவள் என்று முடித்துவிட்டது.

நான் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். கணவர் இந்து. எண்பதுகளின் இறுதியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். புகுந்த வீட்டில் நாத்தனார்கள் எனக்கு வைத்த பெயரே 'மிஸ்ஸியம்மா'தான். ஒருநாள் தொலைக்காட்சியில் இந்தப் படம் ஓடியது. கூடத்தில் வீடே கூடியிருந்தது. நான் முறத்தை மடியில் வைத்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தேன். மச்சம் தெரிந்ததும் மாமியார், "பார்த்தீர்களா, ரத்தம் எங்கே போகும்? நம் பெண்தான்!" என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. என்மேல் அவருக்குப் பாசம் இல்லாமல் இல்லை. என் இரண்டு பிரசவங்களையும் கூடவே இருந்து பார்த்தவர். ஆனாலும் என் காலிலும் ஒரு மச்சம் கிடைத்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று அன்றைக்குப் புரிந்தது. நாத்தனார்கள் சிரித்தார்கள். கணவர் மட்டும் எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்தார். அதற்காக அவரை இன்றுவரை மதிக்கிறேன்.

சாவித்திரி ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நானும் ரசிகைதான். அந்தக் காலத்துக்கு அதுவே பெரிது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். படித்த பெண் ஒருத்தி ஓர் ஆணுக்குச் சமமாகச் சம்பாதிக்க வந்ததைக் கேலி செய்யாமல் காட்டியது சாதாரண விஷயமா? என் வருத்தம் அந்த மச்சத்தின்மேல் மட்டும்தான்.

ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' 1964இல் வந்தது. அதில் தடை பணம். பையனின் அப்பா கோடீஸ்வரர் என்று நம்பவைத்ததும் பெண்ணின் அப்பாவாக வரும் பாலையா உருகிவிடுகிறார். 2015இல் 'ஓ காதல் கண்மணி'யில் தாலி இல்லாமலே இருவர் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். கடைசியில் கல்யாணம்தான் என்றாலும், வீட்டுக்காரர் அவர்களைத் துரத்திவிடவில்லை. 2022இல் 'லவ் டுடே'யில் பெண்ணின் அப்பா கேட்பது வரதட்சணை அல்ல; ஒரு நாள் கைப்பேசிகளை மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார். ஒருவரிடம் ஒருவர் ஒளிக்காமல் இருப்பதுதான் புதிய பரீட்சை. நல்ல மாற்றம்தான். ஆனால் சாதி, மதம் என்று வந்தால் நம் நகைச்சுவைப் படங்கள் பெரும்பாலும் இன்னும் வேறு பக்கம் பார்க்கின்றன.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மணந்துகொண்ட அந்தச் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணக்க விரும்புபவர்களின் பெயர், முகவரியெல்லாம் பதிவு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். ஆட்சேபம் சொல்ல ஊராருக்கு 30 நாள். எங்கள் நோட்டீஸை யாரோ பார்த்து என் அண்ணனிடம் சொன்னதால், அந்த நாட்களைத் தோழி வீட்டில்தான் கழித்தேன். இந்துத் திருமணச் சட்டத்தில் இப்படி முன்கூட்டி ஊரைக் கேட்கும் வழக்கம் கிடையாது. எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் எதற்கு? இந்தப் பலகையை வைத்து எடுத்த காதல் நகைச்சுவைப் படம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. உங்கள் வகுப்பில் யாராவது படமெடுக்கும் எண்ணத்தில் இருந்தால் எழுதச் சொல்லுங்கள். எங்கள் நோட்டீஸ் நகல் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, தருகிறேன்.