இஸ்ரோ வேலை வேறு, விண்வெளி ஆராய்ச்சி வேறு

வணக்கம் அம்மா. பிளஸ் டூ படிக்கும் மகள் இன்ஜினீயரிங் வேண்டாம், பி.எஸ்சி. இயற்பியல் படித்து விண்வெளி விஞ்ஞானி ஆகிறேன் என்கிறாள். அப்போது இஸ்ரோ வேலை கைநழுவிப் போகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய விண்கலம் ஆதித்யா எல்-1. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர். எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங் படித்து 1987-ல் இஸ்ரோவில் சேர்ந்தவர். கலத்தைக் கட்டி அனுப்புவது இப்படிப்பட்ட பொறியாளர்கள். ஆனால் அதில் உள்ள முக்கியக் கருவி, கரோனாவைப் படமெடுப்பது, பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் உருவானது. (கரோனா என்றதும் பதறாதீர்கள், சூரியனின் வெளி வளிமண்டலத்துக்குப் பெயர் அது.) அந்தப் படங்களை வைத்துச் சூரியனைப் பற்றிக் கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் இயற்பியல்காரர்கள். உங்கள் மகள் கேட்பது இந்த இரண்டாவது வாழ்க்கை.

அதற்குத் தேவை பொறுமை. ஆதித்யா யோசனை பிறந்தது 2008-ல். உங்கள் மகளும் அதே வருடம் பிறந்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சிறிய செயற்கைக்கோள் என்றுதான் பேச்சு. பிறகு பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிறுத்தலாம் என்று மாறியது. கிளம்பியது 2023 செப்டம்பர் 2. பதினைந்து வருடம், ஒரு படம்கூட இல்லாமல்! இன்னும் நீண்ட பொறுமைக்கு உதாரணம், அமெரிக்காவின் நாசா அனுப்பிய வாயேஜர் விண்கலங்கள். அந்தத் திட்டத்தில் எட்வர்ட் ஸ்டோன் 1972 முதல் 2022 வரை தலைமை விஞ்ஞானியாக இருந்தார். 1977-ல் ஏவிய வாயேஜர்-1 விண்மீன்களுக்கிடையிலான வெளியைத் தொட்டபோது 2012 ஆகிவிட்டது.

பணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். பி.எஸ்சி., எம்.எஸ்சி. முடித்து நெட், ஜெஸ்ட் மாதிரி ஆராய்ச்சிப் படிப்புக்கான தகுதித் தேர்வு எழுதி பி.எச்டி.யில் சேர்ந்தால், ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. நிரந்தர வேலை கிடைக்கும்போது முப்பது தாண்டியிருக்கலாம். அதற்குள் வீட்டில் கல்யாணப் பேச்சு எழும். அதை இப்போதே பேசிவிடுங்கள். பொறியியல் வழியே போவதென்றால் விண்வெளிப் படிப்புக்கென்றே திருவனந்தபுரத்தில் ஐ.ஐ.எஸ்.டி. கல்வி நிறுவனம் இருக்கிறது, ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத வேண்டும்.

ஆதித்யா அனுப்பும் தரவு இஸ்ரோவின் 'பிரதான்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பொதுத்தேர்வு முடிந்ததும் பைத்தான் என்ற கணினி மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொண்டு ஒரு மாதம் அதைக் குடையச் சொல்லுங்கள். சலித்துவிட்டால் இன்ஜினீயரிங் கவுன்சிலிங் இருக்கவே இருக்கிறது.