நான்கு மாதக் குழந்தையின் பால் நேரத்தையும் பகல் தூக்கத்தையும் எப்படி ஒழுங்குக்குக் கொண்டுவருவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: குழந்தைக்கு நான்கு மாதம், தாய்ப்பால் மட்டும்தான். ஒன்றரை மணிக்கு ஒருமுறை குடிக்கிறாள், ஐந்து நிமிடத்தில் கண் செருகிவிடுகிறது. பகலில் எந்தத் தூக்கமும் அரை மணியைத் தாண்டுவதில்லை, இரவில் நாலைந்து முறை எழுகிறாள். மூன்று மணிக்கு ஒருமுறை பால் என்று எப்படிப் பழக்குவது?

மூன்று மணி என்ற கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். பசித்து அழும் குழந்தையை வேடிக்கை காட்டி இடைவெளியை இழுக்கும்போதுதான் எல்லாம் கெடுகிறது. இப்போது உங்கள் வீட்டில் பால், உடனே தூக்கம் என்ற வரிசை ஓடுகிறது. அதை, தூங்கி எழுந்ததும் பால், பிறகு விழிப்பு, பிறகு தூக்கம் என்று மாற்றுங்கள். வரிசை மாறினால் இடைவெளி தன்னால் நீளும்.

ஏன் என்று சொல்கிறேன். மார்பில் வாய் வைத்ததும் பால் இறங்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். முதலில் வருவது ஓரளவு நீர்த்த பால். மார்பு காலியாகக் காலியாகத்தான் கொழுப்பு கூடும். தூக்கக் கலக்கத்தோடு வாய் வைக்கும் குழந்தை முதல் வேகத்தில் வருவதைக் குடித்துவிட்டுக் கண்ணயர்ந்துவிடும். இந்த வயதில் ஒரு தூக்கச் சுற்று 30 முதல் 50 நிமிடம் வரைதான். சுற்றின் முடிவில் லேசாக விழிக்கும்போது வயிறும் பாதி, தூக்கமும் பாதி. அழுகிறாள், மறுபடி பால் கொடுக்கிறீர்கள், மறுபடி கலக்கத்திலேயே குடிக்கிறாள். கொறிக்கும் பாலும் கொறிக்கும் தூக்கமும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. பகலில் சேராத பாலை இரவில் எழுந்து ஈடுகட்டிக்கொள்கிறாள்.

ஆரம்பிக்கும் முன் இரண்டைச் சரிபாருங்கள். 24 மணி நேரத்தில் நன்றாகக் கனத்த ஈர டயபர் குறைந்தது ஆறு இருக்க வேண்டும். எடை, வளர்ச்சி அட்டையில் அவளுடைய கோட்டையே ஒட்டி ஏற வேண்டும். நான்கு மாத வாக்கில் மாதம் சுமார் அரை கிலோ கூடுவது வழக்கம். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அட்டவணை வேலையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். மார்பைச் சரியாகக் கவ்வாததோ பால் குறைவோ காரணமாக இருந்தால், நேரத்தை மாற்றுவது அதை மோசமாக்கும். குறைமாதத்தில் பிறந்தவள் என்றால், பிறந்த தேதியை வைத்து அல்ல, பிறந்திருக்க வேண்டிய தேதியை வைத்து வயதைக் கணக்கிடுங்கள்.

எல்லாத் தாய்க்கும் மார்பில் தேங்கும் அளவு ஒன்றல்ல. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை நாளொன்றுக்குச் சராசரியாக 750 மில்லி அளவில் குடிக்கிறது. மாதம் ஏற ஏற இது பெரிதாகக் கூடுவதில்லை. அதை எட்டு முறையாகக் குடித்தால் முறைக்குச் சுமார் 95 மில்லி. பன்னிரண்டு முறையாக என்றால் 60-க்குச் சற்று மேல். கொள்ளளவு குறைந்த தாயின் குழந்தை பதினோரு முறை குடிப்பதில் ஒரு தவறும் இல்லை. அந்தத் தாயை மூன்று மணி இடைவெளிக்குக் கட்டிப்போட்டால், நிறைந்த மார்பே சுரப்பைக் குறைக்கச் சொல்லி உடலுக்குச் செய்தி அனுப்பும். நாளடைவில் பால் உண்மையிலேயே குறைந்துவிடும். உங்களுக்கு எந்த இடைவெளி பொருந்தும் என்பதை முழு வயிறாகக் குடித்த குழந்தைதான் காட்டும். பலருக்கு அது இரண்டு முதல் இரண்டரை மணிக்குள் வந்து நிற்கும்.

முதல் மூன்று நாள் எதையும் மாற்ற வேண்டாம். எழுந்த நேரம், குடித்த நேரம், தூங்கிய நேரம் மூன்றை மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். "எப்பவும் அழுகிறாள்" என்று தோன்றுவது தாளில் பார்க்கும்போது பெரும்பாலும் ஒரு வடிவமாகத் தெரியும். நான்காம் நாள் காலை எழும் நேரத்தைப் பிடியுங்கள். தாளில் அடிக்கடி வரும் நேரம் ஆறே முக்கால் என்றால், ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் தினமும் எழுப்பி, ஜன்னல் திரையை விலக்கி, வெளிச்சத்தில் பால் கொடுங்கள். இரவு பகல் உணர்வு உடலில் உருவாகும் வயது இது; காலை வெளிச்சம் அதற்கு நல்ல ஆணி.

அடுத்தது முழு வயிறாகக் குடிக்க வைப்பது. இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். எழுந்த பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள், தெளிவாக விழித்திருக்கும்போது கொடுங்கள். அரைகுறை வெளிச்சமுள்ள, பேச்சுச் சத்தமில்லாத அறை வேண்டும். நான்கு மாதத்தில் உலகம் திடீரென்று சுவாரசியமாகிவிடுகிறது, கதவு அசைந்தாலும் வாயை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். கடிகாரத்தைப் பார்க்காமல் தொண்டையைக் கவனியுங்கள். பால் நன்றாக வரும்போது ஓரிரு உறிஞ்சலுக்கு ஒரு விழுங்கல் கேட்கும். நாலைந்து உறிஞ்சலுக்கு ஒரு விழுங்கல் என்று ஆனதும், மார்பை உள்ளங்கையால் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலும் விழுங்கல் மீண்டும் வேகம் எடுக்கும். அழுத்தியும் வராவிட்டால் வாயை விடுவித்து, ஏப்பம் எடுத்து, டயபரை அப்போது மாற்றி, அடுத்த பக்கம் கொடுங்கள். நடுவில் டயபர் மாற்றுவது தூக்கத்தைக் கலைக்க உதவும் எளிய வழி. முடித்துவிட்டாள் என்பதற்கு அடையாளம், இறுகியிருந்த விரல்கள் விரிவதும், கை தளர்ந்து தொங்குவதும், தானே வாயை எடுத்துவிடுவதும். பாலின் வேகம் தாங்காமல் திணறுபவளாக இருந்தால் இரு பக்கமும் மாற்ற வேண்டாம். சாய்ந்து உட்கார்ந்து ஒரே பக்கம் கொடுப்பது நல்லது. சுறுசுறுப்பாக வளர்ந்த சில குழந்தைகள் ஏழெட்டு நிமிடத்திலேயே நிறையக் குடித்துவிடும், அதையும் தவறாக எண்ண வேண்டாம்.

பிறகு விழிப்பு நேரம். நான்கு மாதத்தில் எழுந்ததிலிருந்து அடுத்த தூக்கம் வரை ஒன்றரை முதல் இரண்டு மணி. காலையில் குறைவு, மாலையில் அதிகம். பார்வை ஒரே இடத்தில் நிலைகுத்துவது, புருவம் சிவப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது ஆகியவை தொடக்க அடையாளங்கள். கண்ணைக் கசக்கி, உடம்பை வில்லாக வளைத்து அழ ஆரம்பித்துவிட்டால் நேரம் தாண்டிவிட்டது என்று பொருள். களைப்பு மீறினால் நன்றாகத் தூங்குவாள் என்று நம்பிக் காத்திருப்பவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறு: மிதமிஞ்சிக் களைத்த குழந்தை தூங்கவே போராடும், தூங்கினாலும் சீக்கிரம் எழும்.

மார்பில் தூங்கும் பழக்கத்தை எல்லாத் தூக்கத்திலும் ஒரே நாளில் நிறுத்த முயல வேண்டாம். அன்றைய முதல் பகல் தூக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் எளிதில் வருவது. எழுந்து ஒன்றே கால் மணியில் அறையை இருட்டாக்கி, தினமும் அதே வரிசையில் டயபர், ஒரு பாட்டு, தோளில் கொஞ்ச நேரம். கண் சொருகத் தொடங்கும்போது, முழுதாகத் தூங்கும் முன், மல்லாக்கப் படுக்க வையுங்கள். அழுதால் கை வைத்துத் தட்டிக்கொடுங்கள், தேவையென்றால் தூக்குங்கள். பதினைந்து நிமிடம் முயன்றும் நடக்கவில்லையா, வழக்கம்போலப் பால் கொடுத்தே தூங்க வையுங்கள், நாளை மறுபடி பார்க்கலாம். தூக்கத்துக்கு முன் பசிப்பதுபோல் தெரிந்தால் கொஞ்சம் பால் கொடுப்பதிலும் தவறில்லை. அதைப் படுக்கைக்குப் பத்து நிமிடம் முன்பே, விளக்கு எரியும்போதே முடித்துவிடுங்கள். முடிந்தால் இந்தத் தூக்கத்துக்கு மட்டும் தந்தையோ வீட்டில் வேறொருவரோ படுக்க வைக்கட்டும். தாயின் மடியில் பால் வாசனையை வைத்துக்கொண்டு குடிக்காமல் தூங்கு என்பது குழந்தைக்குக் கடினம்.

மீதித் தூக்கங்கள் எப்படி வந்தாலும் வரட்டும். தோளிலோ மார்பிலோ, பகலில் மொத்தம் மூன்றரை முதல் நாலரை மணி வந்தால் போதும். அரை மணியில் எழுந்தால் ஓடிப்போய்த் தூக்காமல் ஐந்து நிமிடம் பாருங்கள். கண் மூடியபடியே முனகுவது, நெளிவது எல்லாம் விழிப்பு அல்ல. எழும் நேரம் தெரிந்துவிட்டால், அதற்கு ஐந்து நிமிடம் முன்பே அருகில் போய் அவள் நெஞ்சில் கை வைத்திருங்கள். சில நாளில் அடுத்த சுற்றுக்குள் வழுக்கிப் போய்விடுவாள். முழுதாக விழித்துச் சிரித்தால் அந்தத் தூக்கம் முடிந்தது. அடுத்த விழிப்பைப் பதினைந்து இருபது நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு மாதம் வரை குட்டித் தூக்கங்கள் தொடர்வது இயல்பு, நீளமான தூக்கம் நரம்பு முதிர்ச்சியோடுதான் வரும். அதை நீங்கள் முழுதாக வரவழைத்துவிட முடியாது.

ஒரு நாள் ஏறக்குறைய இப்படி அமையும்: 6.45 எழுந்து பால், 8.15 தூக்கம், 9.15 பால், 11 மணிக்குத் தூக்கம், 12 மணிக்குப் பால், 1.45 தூக்கம், 2.45 பால், 4.30-க்கு அரை மணித் தூக்கம், 5 மணிக்குப் பால், 6.15-க்கு மறுபடி பால், ஏழு மணிக்குப் படுக்கை. மாலையில் பால் அடுத்தடுத்து வருவதைத் தடுக்காதீர்கள். அந்த நேரத்தில் பல குழந்தைகள் கூட்டிக் குடித்துத்தான் இரவுக்குத் தயாராகின்றன. தூக்கம் குறுகிய நாளில் இந்த மணிகள் எல்லாம் முன்னே நகரும். கடிகாரத்தைவிட்டுவிட்டு வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரவைத் தொடாமல் ஒரு வாரம் விடுங்கள். பகலில் வயிறு நிறையத் தொடங்கினால் நாலைந்து விழிப்பில் ஒன்றிரண்டு தானே உதிரும். நான்கு மாதத்தில் இரவில் ஒன்று முதல் மூன்று முறை குடிப்பது சாதாரணம். பால் சுரப்பைத் தாங்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகம், ஆகவே எல்லா இரவுப் பாலையும் வெட்ட நினைக்க வேண்டாம். விளக்கைக் குறைத்து, பேசாமல், மலம் கழித்திருந்தால் மட்டும் டயபர் மாற்றுங்கள். சோபாவில் சாய்ந்து பால் கொடுத்தபடி நீங்கள் கண்ணயர்வது குழந்தைக்கு மிகவும் ஆபத்து. குழந்தை படுக்கும் இடம் தட்டையாக, உறுதியாக, தலையணையும் தளர்ந்த போர்வையும் இல்லாமல் இருக்கட்டும். நீண்ட நேரம் தூங்குவாள் என்று மாவுக் கஞ்சியோ தண்ணீரோ கொடுக்கச் சொல்பவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். ஆறு மாதம் முடியும் வரை இரண்டும் வேண்டாம். வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைக்கும், தூக்கத்தைக் கூட்டாது.

ஏதாவது ஒரு வேளைப் பால் தள்ளிப்போனால் மார்பு கல்லாகக் கட்டலாம். வலி தணியும் அளவுக்கு மட்டும் கையால் பீச்சிவிடுங்கள். முழுதாக எடுத்தால் அந்த வேளைக்குச் சுரப்பு குறையாது. ஓரிடம் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள், அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

பலரும் யோசிக்காத இன்னொன்று: தாய்ப்பாலையே கருத்தடையாக நம்பியிருந்தால் இந்த மாற்றம் அதைப் பாதிக்கும். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், மாதவிடாய் திரும்பாமல், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, பகலில் நான்கு மணி நேரத்துக்கும் இரவில் ஆறு மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி விடாமல் இருந்தால்தான் அது நம்பத்தக்கது. குழந்தை இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் குடிக்காமல் தூங்கத் தொடங்கியதுமே வேறு வழிக்கு மருத்துவரைக் கேளுங்கள்.

தடுப்பூசி போட்ட நாள், சளி பிடித்த வாரம், திடீரென்று இரண்டு மூன்று நாள் ஓயாமல் குடிக்கும் வளர்ச்சி நாட்கள், இவற்றில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். மூன்று நாளில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வரிசை படிய இரண்டு வாரம் ஆகும். அதற்குப் பிறகும் பால் குடிக்கும்போது வளைந்து துடிப்பது, ஒவ்வொரு முறையும் கக்கி அழுவது, எழுப்பினாலும் எழாத சோர்வு, ஈர டயபர் குறைவது ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் அது அட்டவணைப் பிரச்சினை அல்ல. கடைசி இரண்டில் எது தெரிந்தாலும் இரண்டு வாரம் வரை காத்திருக்கவே வேண்டாம், அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.